மழைவிட்ட காலையில் வந்த வெப்பத்தாக்கம்: அடுக்குமாடி வீட்டில் வளரும் ஒரு பக் நாயின் நிகழ்வு ஆய்வு

மே மாதச் சனிக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்குள், ஒரு பக் நாய் வெப்பத்தாக்கத்தால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டது. அதற்கு முன்பும் பின்பும் நடந்தவற்றைக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு இங்கே பதிவுசெய்கிறேன். ஆட்களின் பெயர், புளோக் எண், மருத்துவமனை ஆகியவற்றைக் குறிப்பிடவில்லை. நான் கால்நடை மருந்தகம் ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன். அதே புளோக்கில் அவர்களுக்கு மூன்று மாடி கீழே குடியிருக்கிறேன். ஆகவே இதில் ஒரு பகுதி நான் நேரில் கண்டது. மற்றது குடும்பத்தார் சொன்னதும் மருத்துவமனைக் குறிப்புகளில் இருந்ததும்.

பின்னணி

சிங்கப்பூரின் வடபகுதியில் உள்ள நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. எழுபத்திரண்டு வயதுத் தாத்தா, வேலைக்குச் செல்லும் அவருடைய மகள், மருமகன், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேத்தி ஆகிய நால்வருடன் ஏழு வயது ஆண் பக் ஒன்றும் அங்கே வாழ்கிறது. கருத்தடை செய்யப்பட்ட நாய். சம்பவத்தன்று அதன் எடை 10.8 கிலோ. இந்த இனத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எடை ஆறேகால் கிலோவிலிருந்து எட்டுக் கிலோவரை. எடை கூடிவிட்டதென்று ஆண்டுதோறும் தடுப்பூசி போடும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் அதை யாரும் நோயாகக் கருதவில்லை. தாத்தா காலையில் தம் ரொட்டியில் கால் பங்கை அதற்குப் பிய்த்துப் போடுவது நெடுநாள் வழக்கம்.

உறங்கும்போது குறட்டை, சாப்பிட்டதும் கொறகொறவென்ற மூச்சு, மின்தூக்கியில் நிற்கும்போதுகூடக் கேட்கும் இரைச்சல் ஆகியவை எல்லாம் "பக் என்றால் அப்படித்தான்" என்று விடப்பட்டிருந்தன. அந்த இரைச்சலை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன்; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீவக வீடுகளில் பொதுவாக ஒரே ஒரு நாயை, அதுவும் அனுமதிக்கப்பட்ட சிற்றினங்களில் ஒன்றை மட்டுமே வளர்க்கலாம். அந்தப் பட்டியலில் பக், பெக்கினீஸ், ஷிட்சூ போன்ற தட்டை முகத்து இனங்களும் அடங்கும். அடுக்குமாடியில் இடம் குறைவு என்பதற்காகச் சிறிய நாயைத் தேடுபவர், மூச்சுவிடவே சிரமப்படும் நாயை நம் தட்பவெப்பத்துக்குள் கொண்டுவந்துவிடும் வாய்ப்பு அதிகம் என்பது என் பணியில் நான் அடிக்கடி காண்பது.

நாய் நம்மைப் போல வியர்வையால் உடலைக் குளிர்விப்பதில்லை. பாதங்களில் இருக்கும் சில சுரப்பிகள் அதற்குப் போதா. வாயைத் திறந்து இளைக்கும்போது நாக்கிலும் மூக்கின் உட்பரப்பிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் வெப்பம் வெளியேறுகிறது. இதற்கு இரண்டு தேவை: காற்று தடையின்றிச் சென்றுவரும் வழி, ஈரத்தை வாங்கிக்கொள்ளக்கூடிய உலர்ந்த காற்று. பக் நாயின் குறுகிய நாசித் துளைகளும், வாயின் மேற்கூரையின் பின்பகுதியில் நீண்டு தொங்கும் மென்னண்ணமும், மூக்கினுள் நெருக்குண்டு கிடக்கும் எலும்புச் சுருள்களும் முதலாவதைக் கெடுக்கின்றன. இரண்டாவதைச் சிங்கப்பூரின் காற்று கெடுக்கிறது. இங்கே விடியலுக்குச் சற்றுமுன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழையில்லாத பிற்பகலில் அது 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். வெயில் கூடும் நேரத்தில் காற்று உலர்கிறது. வெயில் குறைந்த காலையில் காற்று நனைந்திருக்கிறது.

வெளிநாட்டு அறிவுரைகள் "கோடைக்காலத்தில் கவனம்" என்றே தொடங்கும். நமக்குக் கோடை என்று தனியே ஒரு பருவம் இல்லை. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் சராசரியில் ஏறத்தாழ 2 டிகிரிதான் வேறுபாடு. மே மாதம் அதில் சற்று மேலே நிற்கும். ஆங் மோ கியோவில் 2023 மே 13ஆம் தேதி பதிவான 37 டிகிரி, 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். ஆனால் இந்த நிகழ்வு அத்தகைய நாளில் நடக்கவில்லை. அதனால்தான் எழுதத் தோன்றியது.

அன்று காலை

தாத்தா வழக்கமாக ஏழு மணிக்கு நாயை அழைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். புளோக்கைச் சுற்றி இருபது நிமிடம். அன்று விடியலுக்கு முன்பே சுமத்ராக் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. எட்டேமுக்காலுக்குத்தான் ஓய்ந்தது. தூறல் மிச்சமிருக்கும் என்று எண்ணி, பேத்தி இணையத்தில் வாங்கிக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் மழைக்கோட்டை நாய்க்கு மாட்டி, அதன்மேல் மார்புப் பட்டையையும் பூட்டி, ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பினார்.

காற்று குளிர்ந்திருந்ததால் அவருக்கே நடக்க வேண்டும்போல இருந்திருக்கிறது. பூங்கா இணைப்புப் பாதை வழியாக ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நடந்து, நண்பர்கள் கூடும் காப்பிக்கடையை ஒன்பதரைக்கு மேல் அடைந்தார். நாய் வெளிமேசையின் கீழே படுத்தது. பரோட்டா, காப்பி, பேச்சு என்று அரைமணி நேரம் சென்றது. இதற்குள் வானம் வெளுத்து, வெயில் நனைந்த தரைமேல் நேராக இறங்கிவிட்டது. திரும்பும்போது பத்தேகால் இருக்கும். மழைக்கோட்டைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாய் அதைக் கழற்றச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

பாதி வழியில் நாய் நின்றது. இழுத்தால் பத்தடி நடந்து மறுபடி நின்றது. "அடம் பிடிக்கிறான் என்று நினைத்துவிட்டேன்மா" என்று தாத்தா பிறகு என்னிடம் சொன்னார். புல்லின்மேல் குப்புறப் படுத்துப் பின்னங்கால்களைப் பரப்பியபோதுதான் அவருக்கு அச்சம் வந்தது. தூக்கிக்கொண்டு நடந்தார். முதியவர் ஒருவர் பதினோரு கிலோவை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நடந்தால் இருவருக்கும் சூடுதான். ஆனால் அந்த இடத்தில் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அன்றைய வெப்பநிலை எங்கள் பகுதியில் அப்போது 29 டிகிரி. மனிதர்களுக்காக 2023 முதல் வெளியிடப்படும் வெப்ப அழுத்த நிலை, என் கைப்பேசியில் "குறைவு" என்றே காட்டிற்று.

கீழ்த்தளத்தில் கண்டவை

நான் சந்தையிலிருந்து திரும்பியபோது மணி 10.45. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசை அருகே தாத்தா முழந்தாளிட்டிருந்தார். நாய் ஒருக்களித்துக் கிடந்தது. நாக்கு வாய்க்கு வெளியே தட்டையாகவும் அகலமாகவும் கரண்டி முனைபோல விரிந்து, ஓரங்களில் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. எச்சில் நீராக வழியாமல் கஞ்சிக் கயிறுபோலத் தொங்கியது. ஈறு செங்கல் சிவப்பு. மூச்சின் ஓசை வழக்கமான கொறகொறப்பு அன்று. உள்ளிழுக்கும்போது மரம் அறுப்பதுபோல ஒரு கீச்சொலி. பெயர் சொல்லி அழைத்தால் காது மட்டும் அசைந்தது. எழ முயன்று, பின்னங்கால் பின்னிக்கொள்ள விழுந்தது. சிறிது மஞ்சள் நுரையை வாந்தியெடுத்தது. மழைக்கோட்டின் உட்புறத்தில் விரலை விட்டபோது அங்கே வெந்நீர்ப்பை வைத்ததுபோல இருந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் மழைக்கோட்டையும் மார்புப் பட்டையையும் கழற்றினேன். அடுத்து எழுந்த கேள்விதான் முக்கியமானது: உடனே வண்டியில் ஏற்றுவதா, இங்கேயே குளிர்விப்பதா? அதற்குள் இறங்கி வந்துவிட்ட மகள் அழுதுகொண்டே, "அக்கா, முதலில் போய்விடலாம்" என்றார். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வளர்ப்பு நாய்களுக்கு இடமில்லை. செல்லப்பிராணிகளை ஏற்றும் வண்டியை முன்பதிவு செய்ய வேண்டும், அல்லது டாக்சி ஓட்டுநர் மனம் வைக்க வேண்டும். அவர் செயலியில் வண்டி தேடட்டும், நாம் அதுவரை தண்ணீர் ஊற்றுவோம் என்று முடிவுசெய்தேன். வண்டி உடனே கிடைத்திருந்தாலும் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருப்பேன். வெப்பத்தாக்கத்தில் சேதத்தைத் தீர்மானிப்பது, உடல் எவ்வளவு சூடானது என்பதோடு எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்பதும்தான். குளிர்விக்காமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் குடல், சிறுநீரகம், மூளை, இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றின் கணக்கில் சேர்கிறது. பிரிட்டனில் கால்நடை மருந்தகப் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில், வெப்பநோயோடு கொண்டுவரப்பட்ட நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் வண்டியில் ஏற்றும் முன் குளிர்விக்கப்பட்டிருந்தது. என் அனுபவத்தில் இங்கும் அன்பு மிகுந்தவர்களே முதலில் வண்டியை நோக்கி ஓடுகிறார்கள்.

தண்ணீர் எங்கே என்பது அடுத்த சிக்கல். கீழ்த்தளக் குழாயின் திருகு கழற்றப்பட்டிருக்கும், சாவி இல்லாமல் திறக்காது; அது நகர மன்றத்தின் ஏற்பாடு. வீட்டுக்குத் தூக்கிச் செல்ல எண்ணிய வேளையில், துப்புரவு ஊழியரான தம்பி ஒருவர் தம் சாவியோடும் ரப்பர் குழாயோடும் ஓடிவந்தார். தூண்மீது முதியோர் மூலைக்காகப் பொருத்தியிருந்த மின்விசிறியைப் பேத்தி முழுவேகத்தில் வைத்துத் திருப்பினாள். 10.47க்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினோம். வயிறு, தொடையிடுக்கு, மார்பு, முதுகு என்று. முகத்தில் ஊற்றவில்லை. முடியைக் கையால் எதிர்ப்புறமாகக் கோதி, தோல்வரை நனையச் செய்தோம்.

அப்போது மூன்று யோசனைகள் வந்தன. மூன்றுமே நல்ல மனத்தோடு சொல்லப்பட்டவை. ஈரத்துண்டால் போர்த்தலாம் என்றார் தாத்தா. உடல்மேல் போர்த்திய துண்டு சில நிமிடங்களில் சூடாகி, ஆவியாதலைத் தடுத்து, இன்னொரு மழைக்கோட்டாகிவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். துண்டைத் தரையில் விரித்து அதன்மேல் படுக்கவைத்தோம். வாயில் தண்ணீர் புகட்டலாம் என்றார் அண்டை வீட்டு அம்மா. முழு நினைவில்லாத நாய்க்கு ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். தானாக நக்கினால் மட்டும் கொடுக்கலாம் என்றேன். காப்பிக்கடையிலிருந்து ஒருவர் ஒரு பை ஐஸ் கொண்டுவந்தார். ஐஸ் கூடவே கூடாது என்பது பழைய அறிவுரை. இளமையும் உடல்நலமும் உள்ள நாயைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது வேகமானது, பாதுகாப்பானது என்பதே இன்றைய நிலை. இந்த நாயோ ஏழு வயது, பருமன், தொண்டை ஏற்கனவே அடைப்பு. அமிழ்த்தினால் திமிறும், திமிறினால் மூச்சு மேலும் அடையும். ஆகவே ஐஸை வாளித் தண்ணீரில் கொட்டி, அந்தத் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் குளிர்ச்சி என்று சொல்லும்படி இராது; ஆனால் நாயின் உடலைவிடக் குறைந்த சூடுள்ள எந்தத் தண்ணீரும் அந்த நேரத்தில் உதவும்.

நடுவே நான் வீட்டுக்கு ஓடி வெப்பமானியை எடுத்துவந்தேன். 10.52க்கு ஆசனவாய் வழியே பார்த்தபோது 41.4 டிகிரி. நலமான நாய்க்கு 38இலிருந்து 39க்குச் சற்று மேல்வரை இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்த எண் என்றால், தொடக்கத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க நான் விரும்பவில்லை. 11.03க்கு 39.7. அத்தோடு நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய பிறகும் உடல் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். 38வரை ஊற்றிக்கொண்டிருந்தால் நடுக்கம் எடுத்து மறுகோடிக்குப் போய்விடும். நாக்கின் ஓரத்தில் இளஞ்சிவப்பு திரும்பியிருந்தது. தலையைத் தானாகத் தூக்கித் தாத்தாவைப் பார்த்தது.

இதற்குள் முதல் வண்டி, ஈரமான நாயைக் கண்டு, ஏற்றாமலே சென்றுவிட்டது. இரண்டாவது ஓட்டுநர் இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் குளிரூட்டியை முழுதாக வைத்தார். கிளம்பும்போதே மருத்துவமனையை அழைத்து, இனம், எடை, இரண்டு வெப்பநிலைகள், அவற்றின் நேரம், வாந்தி ஆகியவற்றைச் சொன்னேன். ஆக்சிஜன் கூண்டு தயாராக இருந்தது.

மருத்துவமனையில் மூன்று இரவுகள்

11.25க்குச் சேர்ந்தபோது 38.9 டிகிரி. இரத்தச் சர்க்கரை குறைந்திருந்தது. நரம்பு வழியே திரவமும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். தொண்டை வீக்கம் முற்றாக அடைத்துவிட்டால் குழாய் பொருத்த வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கினார்கள், நல்லவேளையாகத் தேவைப்படவில்லை.

மாலையில் நாய் எழுந்து நின்று வாலாட்டியது. மகள் அன்றே வீட்டுக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டார். மருத்துவர் மறுத்தது சரியானதே. சூட்டில் வெந்த உறுப்புகளின் சேதம் முதல் மூன்று நாளுக்குள்தான் வெளிப்படும். அன்றிரவே இரத்தம் கலந்த பேதி கண்டது. மறுநாள் காலை, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியத் தொடங்கி, ஈறில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. இரத்தம் தாறுமாறாக உறையும் நிலைக்கு அது முன்னறிகுறி. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவும் சற்றே ஏறியது. மூன்றாம் நாள் தட்டணுக்கள் மேலே திரும்பின. நான்காம் நாள் காலை வீடு திரும்பியது. செலவு சில ஆயிரம் வெள்ளி. குடும்பத்திடம் செல்லப்பிராணிக் காப்புறுதி இல்லை.

அதன் பிறகு

நாய் தேறிய வேகத்தில் தாத்தா தேறவில்லை. இரண்டு வாரம் அவர் வாரைக் கையில் எடுக்கவே இல்லை. வீட்டில் யாரும் வாய்விட்டுக் குறை சொல்லவில்லை. சொல்லாததையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் ஒருநாள் சென்று, அவர் வெயிலில் நாயை விட்டுவைத்த மனிதர் அல்லர் என்பதை எண்களோடு விளக்கினேன். மூடிய வண்டிக்குள் நாயை விட்டுச் செல்வதைத்தான் எல்லோரும் அஞ்சுகிறோம். 2020இல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில் வெப்பநோய் கண்ட நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று நடை, ஓட்டம், விளையாட்டு ஆகியவற்றால் விழுந்தவை. வண்டிக்குள் அடைபட்டவை இருபதில் ஒன்று அளவே. கேட்டுவிட்டு, "அப்போ நடைதான் குற்றவாளியா?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

இப்போது நடை காலை ஆறரைக்குள் பத்து நிமிடம், இரவு ஒன்பதுக்குமேல் பத்து நிமிடம், புளோக்கை விட்டு ஒரு பேருந்து நிறுத்தத் தூரத்துக்குமேல் இல்லை. காப்பிக்கடைக்குத் தாத்தா தனியாகச் செல்கிறார். ரொட்டித் துண்டின் இடத்தில் வெள்ளரிக்காய் வந்திருக்கிறது. ஐந்து மாதத்தில் எடை 9.1 கிலோவுக்கு இறங்கியது; குறட்டையும் கொஞ்சம் இறங்கியது. பகலில் ஆளில்லாதபோது கூடத்து மின்விசிறி ஓடுகிறது. அதைவிட, பிற்பகல் வெயில் விழும் பால்கனிப் பக்கத்தை விட்டுக் குளியலறை ஓடுகளுக்குச் செல்ல வழி திறந்திருக்கிறது. வெறும் விசிறியால் உலர்ந்த முடியுள்ள நாய்க்குப் பயன் சிறிது. வயிற்றை நனைத்துவிட்டால்தான் அந்தக் காற்று வேலை செய்யும்.

மீண்டும் நேர்ந்தால் எதை மாற்றுவோம்

மழைக்கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழை நின்றதும் கழற்றியிருக்க வேண்டும். காற்றுப் புகாத எதுவும் இந்த ஊரில் நடக்கும் நாயின் உடலில் இருக்கக்கூடாது. நின்றுவிட்ட நாயை இழுத்ததும் அப்படியே. பக் நாய் நடுவழியில் நின்றால் அதற்கு அடம் என்ற விளக்கம் கடைசியாகத்தான் வர வேண்டும். நிழலில் அமர்த்தி, கையிலிருக்கும் குடிதண்ணீரை வயிற்றில் ஊற்றியிருந்தால், நான் கண்ட நிலைக்கு அது வந்திருக்காது என்பது என் கணிப்பு.

என் தவறுகளும் உண்டு. வெப்பமானிக்காக நான் மேலே ஓடிய நேரத்தில் தண்ணீர் ஊற்றிய கைகளுக்கு வழிகாட்ட ஆளில்லை. தாத்தா துண்டை மறுபடி போர்த்தியிருந்தார். எண் தெரியாமலே குளிர்விக்கத் தொடங்கலாம்; நாக்கின் நிறமும் தள்ளாட்டமும் போதுமான சான்று. பேத்தியை அனுப்பியிருக்க வேண்டும். இதைவிடப் பெரியது மின்தூக்கி. மாதக்கணக்கில் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டு என் மாடியில் இறங்கியிருக்கிறேன். பணியிடத்தில் அதே ஓசையைக் கேட்டால் மூச்சுவழியைப் பரிசோதிக்கச் சொல்லியிருப்பேன். அண்டை வீட்டாரின் நாயைப் பற்றி வலியச் சென்று சொல்வது மரியாதையாக இராது என்று தயங்கினேன். இப்போது சொல்லிவிடுகிறேன், சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

குழாய்ச் சாவி குறித்து நகர மன்றத்துக்கு எழுதினோம். பூட்டை எடுக்க இயலாது என்றும், அவசரத்துக்குத் துப்புரவு ஊழியரின் கைப்பேசி எண்ணை ஒட்டிவைக்கலாம் என்றும் பதில் வந்தது. அந்தத் தாள் இப்போது தூணில், மின்விசிறி விசைக்கு அருகில் இருக்கிறது. அவர் பணியில் இருப்பது மாலை வரைதான். அதன் பிறகு என்ன செய்வது என்பதற்கு இன்னும் ஏற்பாடு இல்லை.

மூச்சுவழியைப் பரிசோதித்த மருத்துவர், நாசித் துளைகளை அகலப்படுத்தி மென்னண்ணத்தைக் குறைக்கும் அறுவையைப் பரிந்துரைத்திருக்கிறார். மகள் தயார். மயக்க மருந்தை நினைத்துத் தாத்தா தயங்குகிறார். எடை எட்டரைக்கு வந்ததும் மீண்டும் பேசுவதென்று முடிவாகியிருக்கிறது.